நாற்பது பைட்

இரவு பன்னிரண்டேகால் மணி. சுரங்கத்துக்குப் போகிற சாலை. பதினொரு கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. இரண்டு பக்கமும் சுண்ணாம்புத் தூசி படிந்து வெளுத்துப் போன புதர்கள்... அந்தச் சாலையில் ஒரே ஒரு ஸ்கூட்டர் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர், நண்பன் ஒருவனுடைய அண்ணி.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதை உரக்கச் சொல்ல முடியாது.

அண்ணி கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர். தூக்கத்தில் எழுப்பினால் எரிந்து விழுகிற ரகம். ஆனால் அன்று சுரங்கத்து ஃபோர்மன் போனில் சொன்ன ஒரு வரியைக் கேட்டதும், உடனே எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"கம்ப்யூட்டருக்கு ராத்திரி பகல் தெரியாதா?" என்றார் கணவர், போர்வைக்குள்ளிருந்து.

"சுரங்கத்துக்குள்ள ஒருத்தர் இருக்கார்னு காட்டுதாம்."

"யாரு?"

"யாரும் இல்லையாம்."

கணவர் போர்வையை விலக்கிப் பார்ப்பதற்குள் அண்ணி படியிறங்கிவிட்டார்.

அந்தச் சுரங்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஷிப்ட் முடிந்து கடைசி ஆள் மேலே வந்த பிறகுதான் கீழே பாறைக்கு வெடி வைப்பார்கள். ஆட்களை எண்ணுவது அண்ணி எழுதிய புரோகிராம். வாசலிலும், கீழே ஒன்பது தளங்களிலும் கார்டு காட்டுகிற பெட்டி இருக்கும். உள்ளே இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு விழும்: ஆள் எண், இறங்கிய நேரம், கடைசியாகக் கடந்த தளம், பெயர். ஒரு ஆளுக்கு நாற்பது பைட். ஒன்று கூடக் கூடாது, ஒன்று குறையக் கூடாது. வெளியே வந்துவிட்டால் பதிவு அழிந்துவிடும்.

மின்சாரம் போனாலும் கணக்குத் தப்பாமல் இருக்க, இதெல்லாம் ஒரு பைனரி ஃபைலில் போய் உட்காரும். மின்சாரம் வந்ததும் புரோகிராம் அதைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து ஏற்றிக்கொள்ளும். நோட்டுப் புத்தகம் போல அதைப் புரட்டிப் படிக்க முடியாது. எத்தனையாவது பைட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவரிடம்தான் அது வாயைத் திறக்கும். அந்த இடத்தில் அது தெரிந்தவர் அண்ணி ஒருவர்தான்.

அண்ணி போய்ச் சேர்ந்தபோது விளக்கறையில் நான்கே பேர். ஃபோர்மன், வெடி வைக்கிற இரண்டு பேர், விளக்கு மாமா. சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கு எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி வைக்கிறவர் அவர். எண்ணாமல் தும்மக்கூட மாட்டார் என்று கேலி பேசுவார்கள். பேட்டரி அமிலத்தின் நெடி... ஈர பூட்ஸ் நாற்றம்... சுவரில் வரிசையாகத் தொங்கும் விளக்குகள். மூலையில் கம்ப்யூட்டர்.

திரையில் ஒரே வரி. *உள்ளே இருப்பவர்: 1.*

"நாப்பத்தாறு பேர் இறங்கினாங்க, நாப்பத்தாறு பேரும் வந்துட்டாங்க" என்றார் ஃபோர்மன். "விளக்கும் நாப்பத்தாறு. மாமாவே எண்ணிட்டார். ரெண்டு மணி நேரமா வெடி நிக்குது. சட்டுனு பூஜ்யம் ஆக்கி விடுங்க, புண்ணியமாப் போகும்."

அண்ணி புரோகிராமை நிறுத்தித் திரும்ப ஓட விட்டார். ஃபைல் ஏறியது. மறுபடி ஒன்று.

சரி, ஃபைலில்தான் ஏதோ குப்பை சேர்ந்திருக்கிறது என்று அதையே நேராகத் திறந்தார். யாரும் உள்ளே இல்லையென்றால், எத்தனை பேர் என்று சொல்கிற முதல் நான்கு பைட் மட்டும்தான் இருக்க வேண்டும், அதுவும் பூஜ்யமாக. இதில் நாற்பத்து நான்கு இருந்தது. குப்பை இப்படி அளவெடுத்து வந்து விழாதே... அண்ணி ஒவ்வொன்றாகப் படித்தார்.

ஆள் எண், இருநூற்றுப் பதினேழு.

கடைசியாகக் கடந்த தளம், எட்டு.

இறங்கிய நேரம்... அதை இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தார். மாலை ஆறு மணி இரண்டு நிமிடம். தேதி, மூன்று வருடத்துக்கு முந்தையது.

பெயர் இருந்த இடத்தில் பாதிப் பெயர்தான் இருந்தது. மீதி எழுத்துகள் வர வேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யங்கள்.

அந்தப் பாதியே போதும். அது யார் என்று அண்ணிக்குத் தெரிந்துவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன் அங்கே பாறையில் துளை போடுகிற ஆள் ஒருவர் இருந்தார். நல்ல உயரம், நெட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒருநாள் மாலை ஷிப்டுக்கு வந்தவர் வீடு திரும்பவில்லை. கம்ப்யூட்டரில் அவர் இறங்கியதற்கு அடையாளமே இல்லை. ஆனால் மாமாவிடம் ஒரு விளக்கு குறைந்தது. ஃபோர்மன் முடிவு கட்டிவிட்டார்: விளக்கைத் தூக்கிக்கொண்டு ஆள் ஓடிவிட்டான். மாமா மட்டும், "விளக்கை மாட்டிக்கிட்டு உள்ளதான் போனான், என் கண்ணால பாத்தேன்" என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்தார். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா என்று அவர் வாயை அடைத்துவிட்டார்கள். நெட்டையின் மனைவிக்குத் திருடன் பெண்டாட்டி என்ற பெயர்தான் மிஞ்சியது.

அண்ணிக்கு மட்டும் விஷயம் தெரியும். ஒரு மாதம் கழித்து, வேறு எதற்கோ புரோகிராமின் பழைய வரிகளையும் மின்தடைக் குறிப்பையும் பார்த்தபோது தெரிந்தது. அன்று மாலை ஆறு இரண்டுக்கு மின்சாரம் போயிருந்தது. நெட்டை கார்டைக் காட்டி உள்ளே போகிறார்... அவருடைய நாற்பது பைட் எழுதப்படுகிறது... பாதியிலேயே மின்சாரம் போய்விட்டது. திரும்ப வந்ததும் புரோகிராம் ஃபைலை ஏற்றியது. கடைசிப் பதிவு அரைகுறையாக இருந்தால் தள்ளிவிடு என்று அண்ணிதான் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். அது தள்ளிவிட்டது. ஷிப்ட் முடிந்ததும் பூஜ்யம் காட்டியது. வெடி வைத்தார்கள்.

அண்ணி அந்த ஒரு வரியைத் திருத்தினார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

"என்னம்மா, கிடைச்சுதா?" என்று ஃபோர்மன் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

அண்ணி ஃபைலை மூடி மறுபடி திறந்தார். எல்லாம் அப்படியே இருந்தது. தளம் மட்டும் ஏழு.

அந்த எண்ணைக் கையாலேயே பூஜ்யமாக்கிச் சேமித்தார். திறந்தார்.

ஏழு... அப்படியே ஏழு.

"வெடி வைக்கக் கூடாது" என்றார் அண்ணி. "உள்ளே ஆள் இருக்கார்."

"யாரு?"

"நெட்டை."

வெடி வைக்கிறவர்களில் ஒருவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மின்சாரம் போனது, அந்த ஒரு வரி, மூன்று வருடமாகத் தொண்டையில் சிக்கிக் கிடந்தது எல்லாம். "அன்னிக்கு நான்தான் அவரைப் பூஜ்யம் ஆக்கினேன். இன்னொரு தடவை என்னால முடியாது. போய்த் தேடுங்க."

"செத்தவனைத் தேடவா?" ஃபோர்மனின் குரல் உடைந்தது. "உங்களுக்கு என்ன, புத்தி கித்தி..."

விளக்கு மாமா எழுந்தார். சுவரிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று விளக்குகளைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"திருடன்னு சொன்னவங்க நீங்க" என்றார் ஃபோர்மனைப் பார்த்து. "நீங்களே இறங்கிப் பாத்துட்டு வாங்க."

இரண்டு மணி இருபது. ஃபோர்மனும் வெடி வைக்கிற இருவரும் வாசல் பெட்டியில் கார்டு காட்டி இறங்கினார்கள். திரையில் நான்கு என்று மாறியது. அண்ணி ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டார். இப்போது நான்கு பதிவுகள். மூன்று பேர் ஒன்றாம் தளம். ஒருவர் ஏழு.

மூன்று பேர் இரண்டு. ஒருவர் ஏழு.

மூன்று பேர் மூன்று. ஒருவர் ஆறு.

மாமா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மூச்சு அண்ணியின் காதில் பட்டது. "அம்மா... எதிர்ல வர்றானா?" என்றார் மெதுவாக.

மூன்று பேர் நான்கு. ஒருவர் ஆறு.

பிறகு நான்கு பேருக்கும் ஒரே எண். ஐந்து.

அண்ணி ஐந்தாம் தளத்துப் போனுக்கு எண்ணைச் சுழற்றினார். மணி வெகுநேரம் அடித்தது. ஃபோர்மன்தான் எடுத்தார்.

"அங்க யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லம்மா." மூச்சு வாங்கினார். "யாரும் இல்ல... ஆனா..."

"ஆனா?"

"எங்க மூணு பேர் விளக்கும் ஒரே நேரத்துல மங்கிப்போச்சு. இப்பதான் திரும்ப வந்துச்சு. யாரோ இருமினாங்க... பக்கத்துல. எங்கள்ல யாரும் இருமல."

அதற்குப் பிறகு மூவரின் எண்ணும் ஏறியது. ஆறு, ஏழு, எட்டு. அந்த ஒருவரின் எண் இறங்கியது. நான்கு... மூன்று... இரண்டு... ஒன்று.

மணி மூன்று. வாசலில் ஒருவர் ஒருவராகக் கடக்கிற சுழல்கம்பி ஒன்று உண்டு. கார்டு காட்டினால்தான் அசையும். அது ஒரு முறை சுற்றியது. டக்.

மாமா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. உள்ளேயிருந்து வந்த காற்றில் ஈரச் சுண்ணாம்பு வாசம், அதோடு பழைய வெடிமருந்தின் கருகல். அண்ணி ஃபைலைத் திறந்தார். மூன்றே மூன்று பதிவுகள். மூவரும் ஒன்பதாம் தளம். நாற்பது பைட் போயே போய்விட்டது.

இருபது நிமிடம் கழித்துக் கீழேயிருந்து போன் வந்தது. ஃபோர்மன் அழுதுகொண்டே சொன்னார். பழைய பாறைக் குவியலைக் கடப்பாரையால் நெம்பியிருக்கிறார்கள். முதலில் ஒரு பூட்ஸ்... அப்புறம் மீதி. மண்டையோட்டின் மேல் தலைவிளக்கு மாட்டியபடியே இருந்ததாம். விளக்கில் இருந்த எண்ணைப் படித்துச் சொன்னார். மாமா கேட்டுவிட்டு, "என் விளக்குதான்" என்றார். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விடிவதற்குள் போலீஸ் வந்தது. அண்ணி அவர்களிடமும் ஒன்றையும் மறைக்கவில்லை. எழுதிக் கையெழுத்தும் போட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். நெட்டையின் மனைவிக்கு இந்தச் செய்தி வேறு யார் வாயாலும் போக வேண்டாம், தானே போய்ச் சொல்கிறேன் என்று. ஒரு மணி நேரம் பொறுக்கிறோம் என்றார்கள்.

காலை ஆறு மணி. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிற அந்தப் பெண்ணின் வீடு கடைசியில் இருந்தது. வழியெல்லாம் அண்ணி சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தார். எப்படி அடுக்கினாலும் இடிந்து விழுந்தது. கதவு திறந்தே இருந்தது. அந்தப் பெண் தலைவாரி, நல்ல புடவை கட்டி, அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அழுத தடம் எதுவும் இல்லை. வீட்டின் பின்பக்கம், குளியலறையில் யாரோ தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம். பிள்ளைகளாக இருக்கும் என்று அண்ணி நினைத்தார். ஆனால் பிள்ளைகள் இருவரும் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா..." என்றார் அண்ணி. "நான் சுரங்கத்துல கம்ப்யூட்டர் வேலை பாக்குறவ. உங்க வீட்டுக்காரர் ஓடிப் போகல. திருடல. அவர் அன்னிக்கே..."

"தெரியும்மா" என்றார் அந்தப் பெண். "உக்காருங்க. நாலு மணிக்கே வந்துட்டார்."

அண்ணி உட்காரவில்லை.

"வந்ததுல இருந்து ஊத்திக்கிட்டே இருக்கார். தூசி போகவே மாட்டேங்குதாம்." பாலை இறக்கி வைத்து, சின்னதாகச் சிரித்தார் அவர். "காலைல ஒரு அம்மா வருவாங்க, நான் குளிச்சிட்டு வர்ற வரைக்கும் இருக்கச் சொல்லுன்னார். நீங்கதானே?"

பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"என்னங்க... அவங்க வந்துட்டாங்க."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.