உள்ளங்கைக்குக் கேட்ட பாட்டு

திருநெல்வேலி டவுனில் என் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரைச்சலை எடுக்கத்தான் வருவார்கள், ஹம்ஸினி மேடம். கச்சேரிப் பதிவில் யாராவது இருமியிருப்பார்கள், கல்யாண வீடியோவில் ஜெனரேட்டர் உறுமும். எடுத்துக் கொடுப்பேன். இருபது வருஷப் பழக்கம்.

சென்னையிலிருந்து கேட்டு எழுதியிருந்தீர்கள். எஸ்றா உங்களிடம் சொன்னது சரிதான். அவன் டிரம்ஸ் வாசித்த ஆல்பமும் நீங்கள் இப்போது விமர்சனம் எழுதிய ஆல்பமும் ஒன்றல்ல.

இரைச்சலையே இசையாக வாசிக்கும் எங்கள் ஊர் நாய்ஸ் ராக் குழுவான 'கல்குவாரி'யின் முதல் ஆல்பத்தை, பதினான்கு வருஷத்துக்கு முன்னால், நீங்கள்தான் முதலில் கொண்டாடினீர்கள். அலி அஸ்கரின் கிதார் நூறு தறி ஓடுவதுபோல் அலறுகிறது என்று எழுதினீர்கள். அது கிதார் இல்லை. தறியேதான். மேலப்பாளையத்தில் ஒரு தறிக்கூடத்தில் மூன்று நாள் மைக்கைக் கட்டித் தொங்கவிட்டு நான் பிடித்த சத்தம். அட்டையில் டீக்கடைக்காரருக்குக்கூட நன்றி இருந்தது, எனக்கு இல்லை. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பெயருக்கு அலைகிற ஆள் இல்லை நான்.

போன வருஷம் அஸ்கருக்குக் காது போக ஆரம்பித்தது. எல்லாம் அந்த இரைச்சல் கொடுத்ததுதான். முழுக்கப் போவதற்குள் இன்னொரு ஆல்பம் போட்டுவிட வேண்டும் என்று என் முன்னால் வந்து நின்றான். எஸ்றா சவுதியிலிருந்து லீவில் வந்திருந்த நாற்பது நாளில் 'மறுவெடி' முடிந்தது. அஸ்கரால் காதை நம்ப முடியவில்லை. ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்துத்தான் ஒவ்வொரு பாட்டையும் சரிபார்த்தான். கடைசி நாள் இரண்டு கையையும் வைத்தான்.

"ஏலே அம்பலம், போதும்லே. முட்டி வரைக்கும் அதிருது. இப்படியே அனுப்பிரு."

அது நல்ல ஆல்பம், மேடம். முதலாவதைவிட நல்லது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வயதில் இவன் இப்படி அலறினால் ஊர் சிரிக்குமே என்றுதான். அவன் நல்லதுக்குத்தான் செய்தேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். நான் அந்தப் பதிவிலிருந்து அளந்துதான் எடுத்தேன். அடியில் கிடந்த உறுமல், கிதாரின் கீறல், எஸ்றாவின் முரட்டடி. மிச்சமிருந்ததை விமர்சகர்களுக்கு அனுப்பினேன். வெளியிட்டதும் அதைத்தான்.

'கல்குவாரியில் இப்போது சலவைக்கல் விற்கிறார்கள்' என்று எழுதினீர்கள். பல் டாக்டரின் கிளினிக்கில் போடலாம் என்றார் இன்னொருவர். உங்கள் மேல் குற்றமில்லை, கேட்டதைத்தானே எழுத முடியும். எஸ்றா போன் பண்ணி, சத்தம் மெலிந்தாற்போல இருக்கிறதே என்றான். போனில் கேட்டால் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

அஸ்கர் ஒரு விமர்சனம் விடாமல் வாசித்தான். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து நேராக இங்கே வந்தான். இப்போது அவனுக்குச் சுத்தமாகக் கேட்காது. ஒரு தடவை போடச் சொல்லிச் சைகை காட்டினான். மூலப் பதிவைப் போட்டேன். பெட்டியில் கையை வைத்தான், பிறகு கன்னத்தையும் வைத்தான். நாற்பது நிமிஷம் எடுக்கவே இல்லை.

"என் கைக்கு நல்லாத்தாம்லே இருக்கு," என்றான். "காதுள்ளவனுவ அத்தனை பேரும் மோசம்ங்கானுவ. அப்ப என் கைதான் பொய் சொல்லுது."

அழுதான். 'விடுலே' என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். கிதாரை எனக்கே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான்.

மூலப் பதிவை அனுப்பச் சொல்கிறீர்கள். அவன் படி இறங்கியதுமே அழித்துவிட்டேன். ஒரு ஆல்பத்துக்கு இரண்டு பதிவு இருந்தால் குழப்பம்.

இந்தத் தடவை அஸ்கர் அட்டையில் என் பெயரைத் தன் பெயருக்கும் மேலே போட்டிருந்தான். அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன். உங்கள் விமர்சனத்தை நாலு தடவை வாசித்தேன், மேடம். திட்டும்போதுகூட நீங்கள் என் பெயரை எழுதவில்லை.