முப்பத்தைந்து ஞாயிறுகளுக்கான உப்பு

— வாளி நிறையுது அத்தை. குழாயை மடக்கிப் பிடிங்க.

— பிடிச்சுட்டுதான் இருக்கேன். என் விரலுக்கு அவ்வளவுதான் பலம்.

— இன்னும் கொஞ்சம்... தொட்டியில அவர் டேப் ஒட்டிட்டுப் போன கோடு வரைக்கும்தான் தண்ணி எடுக்கணும்.

— அவன் கோட்டை ஒட்டிட்டுப் போயிட்டான். குனியறது நாம.

— ...போதும். வெளிய எடுத்துடுங்க.

— அப்பாடா. இடுப்பு கழண்டு தனியா விழுந்துடும் போல. இவன் மீன் தொட்டி வாங்கினானா, இல்ல மாமியாருக்கும் மருமகளுக்கும் வேலை வாங்கிக் குடுத்தானா?

— ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு இதை நீங்க சொல்லாம இருந்ததே இல்ல.

— நீ சொல்றதில்லங்கறதால நான் சொல்றேன். ஆறு நாள் கிளினிக்ல நின்னுட்டு வர்ற, ஏழாம் நாள் இங்க நிக்கிற. கால் வீங்கியிருக்கு பாரு.

— அது செருப்பு அழுத்தினது.

— எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருப்ப. ரெண்டு மாசம் வெறும் கல்லையும் தண்ணியையும் போட்டுட்டு உக்காந்து பாத்தானே, ஞாபகம் இருக்கா? மீன் எங்கடான்னா, ‘தண்ணி பழகணும்மா’ன்னான். தண்ணி பழகி, மீனை விட்டு, சரியா பத்தாம் நாள் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டான்.

— பாலம் வேலை அப்பதான வந்துச்சு, அவர் என்ன பண்ணுவார்.

— விட்டுக் குடுக்க மாட்டியே. சரி, புதுத் தண்ணியை எடு. காலையிலேர்ந்து மோட்டர் உப்பைக் கலக்கிட்டே கெடக்கு. நான் வேணா நாக்குல ஒரு சொட்டு வெச்சு...

— ஐயோ வேணாம்! இது சமையல் இல்ல அத்தை. உப்பு அளக்கற அந்தக் கண்ணாடிக் குழாயைக் குடுங்க. வெளிச்சத்துல பாத்தா கோடு முப்பத்தஞ்சுல நிக்கணும்.

— ஒரு தடவைதான் நாக்குல வெச்சேன். அதையே சொல்லிக் காட்டு.

— நாக்குல வெச்சதுக்குச் சொல்லல. குறைஞ்ச தண்ணிக்கு உப்புத் தண்ணியை ஊத்தினீங்களே, அதுக்கு. பூ மாதிரி விரியற பவளம் ஒரு வாரம் மூடிக்கிட்டுக் கெடந்துச்சு.

— கடல் தண்ணி குறைஞ்சா கடல் தண்ணிதானே ஊத்தணும்? ஆவியா போறது வெறும் தண்ணி, உப்பு உள்ளயே தங்கிடும்னு எனக்கு யார் சொன்னா?

— அவர்தான். போன்ல. மூணு தடவை.

— அவன் போன்ல வேற என்னதான் பேசறான்? நேத்து முக்கால் மணி நேரம். அதுல நத்தை எத்தனை இருக்குன்னு எண்ணச் சொல்லியே கால் மணி ஓடிடுச்சு.

— என்கிட்டயும் மீன் பேச்சுதான். ஆரஞ்சு மீன் சாப்பிடுதா, பச்சைப் பவளம் விரிஞ்சுதா... அவ்வளவுதான்.

— வேற ஒண்ணும் சொல்லல?

— வேற என்ன அத்தை?

— ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.

— ...முப்பத்தி மூணுதான் காட்டுது. இன்னும் கொஞ்சம் உப்பு போடணும். முதல்ல இன்னைக்கு மாத்தினோம்னு தேதி எழுதிடறேன். காலண்டர் எங்க?

— அதுவா... தண்ணி பட்டு ஊறிடுச்சு. எடுத்துப் போட்டுட்டேன்.

— அவ்வளவு உயரத்துல மாட்டியிருந்ததுக்கா?

— தெறிச்சிருக்கும். மோட்டர்லேர்ந்து.

— மோட்டர் வாளிக்குள்ள இருக்கு அத்தை.

— வக்கீல் மாதிரி கேக்காத. ஒரு தாள்ல எழுதி வை, போதும்.

— அவர் இருபதாம் தேதியைச் சிவப்புல சுழிச்சு வெச்சிருந்தாரே...

— தேதி மனசுல இருக்குல்ல? இன்னும் மூணு ஞாயிறு. உங்க அம்மாவும் காலையில போன் பண்ணி அதைத்தான் கேட்டாங்க.

— என்ன கேட்டாங்க?

— பேசினது பேசினபடி இருக்கணுமாம். அவன் சொன்ன தேதி வரைக்கும்தான் அவன் இல்லாம நீ இங்க. இருபதாம் தேதி அவன் வரலைன்னா, இருபத்தொண்ணாம் தேதி காலையில கார் அனுப்பி உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— என்ன சொல்ல? சரிங்க சம்பந்தின்னேன். அவங்க பொண்ணு... அவங்களுக்கு இருக்காதா. நீ உப்புன்னியே, பாக்கெட் எங்க?

— அது தீந்துடுச்சு. பால்கனியில இருக்கறதைத் திறக்கணும்.

— இரு, நான் எடுத்துட்டு வர்றேன்... ஏய், என்ன இது, இவ்வளவு பெரிய வாளி?

— காலையில வந்துச்சு. தூக்காதீங்க! உருட்டிட்டு வாங்க.

— நான் ஒருத்தி தூக்கிடுவேனாக்கும்! இருபத்தஞ்சு கிலோன்னு போட்டிருக்கு. எப்பவும் ரெண்டு கிலோ பாக்கெட்தானே வாங்குவ?

— அது... அடிக்கடி தீந்துடுது.

— ஒரு ஞாயித்துக்கு எவ்வளவு போடறோம்?

— எழுநூறு கிராம்.

— மூணு ஞாயித்துக்கு ரெண்டு சின்ன பாக்கெட் போதுமே. அப்புறம் அவன் வந்து வாங்கிக்க மாட்டானா?

— கடையில பெருசுதான் இருக்குன்னாங்க.

— போன வாரம் அந்தக் கடைக்காரர் சின்ன பாக்கெட்டை அடுக்கிட்டு இருந்தாரு. நானும்தானே வந்தேன்.

— அத்தை, மோட்டரை நிறுத்துங்க, சத்தமா இருக்கு.

— நிறுத்திட்டேன். இப்பச் சொல்லு. இது எத்தனை நாளைக்கு வரும்?

— கணக்கு போடல.

— நீயா போடல? மீனுக்குப் போடற தீனியையே எண்ணிப் போடறவ. சரி, நான் போடறேன். பத்து ஞாயித்துக்கு ஏழு கிலோ. முப்பதுக்கு இருபத்தொண்ணு. அப்புறம் ஒரு அஞ்சு... முப்பத்தஞ்சு ஞாயிறு.

— மூடியைத் திறந்து ஒரு பிடி உப்பைப் போட்டுக் கலக்கிடறேன் அத்தை.

— முப்பத்தஞ்சு ஞாயிறுன்னா எட்டு மாசம். சரியா எட்டு மாசம்.

— அத்தை, உக்காருங்க. உங்களுக்கு மூச்சு வாங்குது. தண்ணி கொண்டு வரட்டா?

— எந்தத் தண்ணி? இந்த வீட்ல கேட்டுத்தான் குடிக்கணும். ஒண்ணும் வேணாம். உன்கிட்ட எப்ப சொன்னான்?

— ...போன வியாழக்கிழமை. எந்த வண்டியில வர்றீங்கன்னு நான்தான் கேட்டேன். அதுக்கு மேல அவரால மறைக்க முடியல. பாலத்துல ஏதோ தூண் இறங்கிடுச்சாம். இன்னும் எட்டு மாசம்னார். உங்ககிட்ட சொல்லாதீங்கன்னேன். சரின்னார்.

— சரின்னானா! எனக்கு முன்னாடியே தெரியும்னு சொல்லலையா?

— உங்களுக்குத் தெரியுமா?

— அதுக்கு முந்தின ஞாயிறே சொல்லிட்டான். உன்கிட்ட மூச்சு விடாதேன்னு நான் சொன்னேன். அதுக்கும் சரின்னுதான் சொன்னான்.

— கடவுளே... அதான் நத்தையை எண்ணச் சொல்லிட்டே இருந்திருக்கார்.

— வேற என்ன பேசுவான் பாவம். ரெண்டு பக்கமும் வாயைக் கட்டிட்டோம்.

— சிரிக்காதீங்க, எனக்கும் சிரிப்பு வருது... தினம் காலையில எழுந்ததும் அந்தச் சிவப்புச் சுழியை விரலால தொட்டுட்டுதான் அத்தை நீங்க அடுப்பைப் பத்த வைப்பீங்க. அதைப் பாத்துட்டு எப்படிச் சொல்ல?

— அதைப் பாத்தியா நீ?

— தினம்.

— அதான் காலண்டரைக் கிழிச்சேன்னு வெச்சுக்க... இல்ல. பொய் எதுக்கு. நீ பாத்துடக் கூடாதுன்னு கிழிச்சேன். தேதி கண்ணுல படாம இருந்தா நாள் போறது தெரியாதுல்ல. ஒரு வாரமா உங்க அம்மா போன் வந்தாலே ரெண்டு தடவை அடிக்க விட்டுத்தான் எடுக்கறேன். உன்னை இருன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு? என் பையன் பேச்சு தவறிட்டான். நீ போனா நியாயம்தான். தொட்டியை யார்கிட்டயாவது குடுத்துடலாம்னுகூட...

— இப்ப முப்பத்தஞ்சு காட்டுது. இந்தப் பக்கம் தண்ணி வாளியைப் பிடிங்க. கை நழுவுது.

— பிடிச்சுட்டேன்... மெதுவா ஊத்து, பவளம் மேல விழப் போகுது. அப்ப, இருபத்தொண்ணாம் தேதி கார் வருமே. நான் என்ன சொல்றது?

— கார் வராது அத்தை. உப்பு வாளிக்குச் சொன்ன கையோட அம்மாகிட்டயும் வரலைன்னு சொல்லிட்டேன். வியாழக்கிழமையே.

— அப்புறம் ஏன் காலையில அப்படிப் பேசினாங்க?

— நான்தான் கேக்கச் சொன்னேன். இந்த வாளியைத் தூக்க எனக்கு இன்னொரு ஆள் வேணும்... நீங்க என்னை விட்டுடுவீங்களா, வெச்சுக்குவீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான்.