ஓட ஓடக் கூட்டிய பிராசஸர்

சோப்பு காய்ந்திருக்க வேண்டும் என்று ஒரு மனிதன் ஆசைப்படுவது தப்பா, சார்? காலையில் குளிக்கப் போனால் அது பெட்டியில் உலர்ந்து, மேலே ஒரு முடிகூட ஒட்டாமல் இருக்க வேண்டும். என் ஆசைகளில் பெரியது அதுதான். மற்றபடி நான் யார் வம்புக்கும் போகிறவன் இல்லை. இந்த ஸ்டேஷனில் நீங்கள் காட்டிய நாற்காலியில்கூட ஏதோ பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பெரிதுபடுத்த மாட்டேன், நின்றுகொண்டே சொல்லிவிடுகிறேன்.

நான் அந்த இருதய மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். என் சர்வர் அறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், டீ கிளாஸோடு யாரும் வரக்கூடாது. டாக்டர்களே வாசலில் நின்றுதான் பேசுவார்கள். மருத்துவமனையிலேயே சுத்தமான இடம் அதுதான், ஆப்பரேஷன் தியேட்டரையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மாமியார் போனபிறகு மாமனார் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்க டிக்கெட் கிழித்த விரல், எச்சில் தொடாமல் அதற்குத் தாள் புரளாது. காலைப் பேப்பர் என் கைக்கு வரும்போது ஒவ்வொரு பக்கத்தின் மூலையும் ஈரத்தில் சுருண்டிருக்கும். பேப்பரை நிறுத்திவிட்டுப் போனில் படிக்க ஆரம்பித்தேன். "என்ன மாப்பிள்ளை சேதி?" என்று என் போனை வாங்கி அதே விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

பல் செட்டை என் டம்ளரில் ஊறப் போடுவார். வெட்டிய நகங்களை சோபாவின் கைப்பிடியில் குவித்து வைப்பார். வாஷ் பேசினில் அவர் காறுகிற காறலுக்கு எதிர்வீட்டு நாய் எழுந்து உட்காரும். குளித்துவிட்டு வந்தால் சோப்பு தண்ணீரில் கொழகொழவென்று கிடக்கும், அதன் மேல் சுருண்ட நரைமுடி. அதை நான் எடுத்துப் போட வேண்டும்.

நல்ல மனிதர்தான், மறைப்பதற்கில்லை. மாப்பிள்ளை சாப்பிட்டாரா என்று கேட்காமல் ஒரு வாய் சாப்பிட மாட்டார். தன் தட்டில் இருக்கிற மீனில் பெரிய துண்டாகப் பார்த்து, முள்ளைத் தன் வாயாலேயே உறிஞ்சி எடுத்துவிட்டு, என் தட்டில் வைப்பார்.

"சாப்பிடுங்க மாப்பிள்ளை. உடம்புல சதையே இல்ல உங்களுக்கு."

மனைவி பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சாப்பிடுவேன். பிறகு போய் வாந்தி எடுத்துவிட்டு, பேசினைக் கழுவிவிட்டு, சிரித்த முகத்தோடு வருவேன். குடும்பம் என்றால் அப்படித்தானே.

ஒருநாள் என் வேலை என்னவென்று கேட்டார். ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் பல கணினிகள் குடித்தனம் செய்கின்றன, தனித்தனியாகப் பெட்டி கிடையாது, எல்லாம் பெட்டிக்குள் பாவனையாக ஓடுகிற கணினிகள் என்றேன். விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். ஒன்றுக்கு வேலை அதிகமானால் அதை நிறுத்தாமலே, ஓட ஓடவே, இன்னும் இரண்டு பிராசஸர், அதாவது கணக்குப் போடுகிற மூளை, கூட்டிக் கொடுக்கலாம். ஆனால் கூட்டியதைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் நிறுத்தித்தான் ஆகவேண்டும்.

அவர் காதைக் குடைந்த குச்சியைச் சட்டையில் துடைத்தபடி யோசித்தார்.

"எங்க பஸ் மாதிரிதான். ஓடுற வண்டியில தொத்தி ஏறிடுவானுங்க. இறங்கணும்னா நிறுத்தித்தான் ஆகணும்."

சரியாகத்தான் சொன்னார். நான் பல வருஷம் படித்த விஷயத்தைக் காதுக் குச்சியோடு சொன்னதுதான் எனக்குக் குமட்டியது.

பிறகு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. எங்கள் மருத்துவமனையிலேயே, தீவிரக் கண்காணிப்பு வார்டில் சேர்த்தோம். அடைப்பை எடுத்துவிட்டார்கள், ஆனால் துடிப்பு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தடம் புரளும். உடனே நர்ஸ் மேஜையில் மணி அடிக்கும், ஓடிவந்து மின்சாரம் வைத்துத் திருப்புவார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "மணி அடிச்சு நாங்க ஓடிவர்ற வரைக்கும் பயமில்ல. தாமதமானாதான் கஷ்டம்."

அந்த மணியை அடிப்பது என் சர்வர் அறையில் ஓடுகிற ஒரு விர்ச்சுவல் மெஷின். ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் துடிப்பு அதற்குப் போகும். தடம் மாறினால் அது மணி அடிக்கும். அதில் இருக்கிற புரோகிராம் பழையது. தொடங்கும்போது தனக்கு எத்தனை பிராசஸர் என்று எண்ணி, அதற்குத் தக்கபடி வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். நடுவில் எண்ணிக்கை கூடினால் குழம்பிவிடும். திரையில் கோடு பாட்டுக்கு வளைந்து வளைந்து ஓடும், எண்கள் மாறும், பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மணி மட்டும் அடிக்காது. நிறுத்தித் திரும்பத் தொடங்கும்வரை அடிக்காது. விற்ற கம்பெனிக்காரர்கள் முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் போனார்கள்: "இதுக்கு மட்டும் ஓடும்போது கூட்டிடாதீங்க சார்." அதனால் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும், ஓடும்போது கூட்டலாம் என்கிற அனுமதிக்கு நான் அதுவரை டிக் போட்டதே இல்லை.

அந்த டிக்கைப் போடவும் மெஷின் நின்றிருக்க வேண்டும். மாமனாரைச் சேர்த்த மறுநாள் பராமரிப்புக்காக எல்லா மெஷினையும் சிறிது நேரம் நிறுத்தினோம். வார்டில் அந்த நேரத்துக்குக் கட்டிலுக்கு ஒரு நர்ஸ் நின்றார்கள். நான் அப்போது டிக் போட்டேன். எதற்கென்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் போடாமல் விட்டால் திருடனைக் கூப்பிட்டதாக ஆகிவிடுமா? மணி உண்மையிலேயே நிற்கிறதா என்று அதன் நகல் ஒன்றைத் தனியே ஓடவிட்டுச் சோதித்தும் பார்த்தேன். நின்றது. சோதிக்காமல் எதையும் செய்வது எனக்குப் பிடிக்காது.

வார்டுக்கு வெளியே என் மனைவி உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் ஒரு பெண்ணும் இருப்பாள். மாமனாருக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த வேன் டிரைவரின் மகள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், வயது ஒன்றும் அதிகமில்லை. அந்தப் பெண் எந்நேரமும் ஆரஞ்சு உரித்துக்கொண்டே இருப்பாள். சாறு வழிகிற விரலால் ஒரு சுளையை என்னிடமும் நீட்டினாள், நகத்தில் அழுக்கு. வேண்டாம்மா, சர்க்கரை என்று சொல்லித் தப்பித்தேன். எனக்குச் சர்க்கரை கிடையாது.

சில நாள் கழித்து ஒரு காலை மனைவி முகம் தெளிந்திருந்தது.

"அப்பா தேறிட்டு வர்றாராம். இனிமே எப்பவும் நம்மகூடத்தாங்க. நம்ம ரூமை அவருக்குக் குடுத்துடலாம், பாத்ரூம் ஒட்டியே இருக்கு. நாம ஹால்ல படுத்துக்கலாம்."

"சரி" என்றேன்.

"கோவமா?"

"எனக்கென்ன கோவம்?"

கோபம் இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன். என் தலையணையில் அவர் எச்சில் வழியும். என் குளியலறையின் டைல்ஸ் இடுக்குகளை நானே பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பவன். அங்கே அவர் நின்று காறுவது காதில் கேட்டது.

சர்வர் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். வார்டின் தலைமை நர்ஸ் போன வாரமே கேட்டிருந்தாள்: "அண்ணா, எங்க ஸ்கிரீன் ரொம்ப இழுக்குது, ஏதாவது பண்ணுங்களேன்." ஒரு மெஷினை நிறுத்துவதென்றால் மேலே அனுமதி வாங்க வேண்டும், நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஓட ஓடக் கூட்டுவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டு பிராசஸர் கூட்டினேன். இதையும் கவனியுங்கள், சார். நான் எதையும் பிடுங்கவில்லை, அணைக்கவில்லை, யாரையும் தொடவில்லை. கேட்டதைக் கொடுத்தேன். தலைமை நர்ஸ் போன் பண்ணி, ஸ்கிரீன் இப்போது சல்லென்று ஓடுகிறது, தேங்க்ஸ் அண்ணா என்றாள்.

பிறகு காத்திருந்தேன். மேஜையை ஒருமுறை துடைத்தேன். மனம் அவ்வளவு லேசாக இருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

மதியம் மனைவி போன் பண்ணினாள். அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவைப் பொது வார்டுக்கு மாத்திட்டாங்க! துடிப்பு சீராயிடுச்சாம். நாளைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு டாக்டர் சொல்லிட்டார்."

இந்த இடத்தைத்தான் நீங்கள் சரியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் இனி அந்த வார்டில் இல்லை. அங்கே மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் எனக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் மற்ற கட்டில்களில் ஆட்கள் இருந்தார்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. நிறுத்தித் தொடங்கினால் சில நிமிஷத்தில் மணி பழையபடி அடித்திருக்கும். ஆனால் நிறுத்தினால் வார்டுத் திரைகள் எல்லாம் இருண்டுவிடும். தலைமை டாக்டர் இறங்கி வருவார். ஏன் நிறுத்தினாய், யார் கூட்டியது, எதற்கு டிக் போட்டாய் என்று ஒவ்வொருவராக என் அறைக்குள் வருவார்கள், செருப்பைக் கழற்றாமல். நினைத்தாலே அசதியாக இருந்தது. சாயங்காலம் வேலை குறைந்த நேரமாகப் பார்த்து முறைப்படி அனுமதி வாங்கிச் செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தேன். பசியும் எடுத்தது.

கேன்டீனில் மேஜையைத் துடைத்த துணி நாறியது. வேறு மேஜைக்கு மாறி உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன். அந்த நேரத்தில்தான் வேன் டிரைவருக்குத் துடிப்பு தடம் புரண்டது. நர்ஸ் இரண்டு கட்டில் தள்ளி, திரைச்சீலைக்குள் ஒரு கிழவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். மணி அடித்திருந்தால் இரண்டே எட்டில் வந்திருப்பாள். கட்டை முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தபோது அவர் நீலம் பாரித்துக் கிடந்தார்.

முதலில் அந்த நர்ஸைத்தான் பிடித்தார்கள். தொல்லையாக இருக்கிறதென்று மணியை அவள்தான் அமர்த்தியிருப்பாள் என்றார்கள். அவள் விசாரணை அறையில் மூக்கைப் புறங்கையால் துடைத்துத் துடைத்து அழுதாள், பார்க்கச் சகிக்கவில்லை. நான் எதுவும் பேசவில்லை. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு கம்பெனியின் இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, மெஷின் ஓடும்போதே யாரோ பிராசஸர் கூட்டியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். நர்ஸை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே எனக்காகப் பேசி முடித்துவிட்டார்கள். ஒற்றை ஆள், வேலைப்பளு, போதாததற்கு மாமனார் சீரியஸாகக் கிடந்த சமயம், நர்ஸ் கேட்டாளென்று உதவப்போய் இப்படி ஆகிவிட்டது. இன்ஜினியர் என்னைவிடச் சின்னவர், வாயில் எதையோ மென்றுகொண்டே சொன்னார்: "இது நிறைய பேருக்குத் தெரியாது சார். டிக் எப்பவோ கைதவறி விழுந்திருக்கும். சகஜம்." தலைமை டாக்டர் என் தோளில் தட்டினார். 'தெரியாமல் நடந்தது' என்று அறிக்கை எழுதி உங்கள் ஸ்டேஷனுக்கும் அனுப்பிவிட்டு, என்னை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள்.

மாமனார் வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் அறையில்தான் இருக்கிறார். மாப்பிள்ளை இருக்கிற ஆஸ்பத்திரி, அதனால்தான் பிழைத்தேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். பக்கத்துக் கட்டில்காரரை நினைத்துக்கொண்டால் என் துண்டில் மூக்கைச் சிந்துகிறார். அவர்மேல் எனக்கு இப்போது ஒன்றும் இல்லை. பழகிவிட்டது.

நேற்று அந்த டிரைவரின் மகள் சர்வர் அறை வாசலுக்கு வந்தாள். அப்பாவின் பொருள்களை வாங்கிப்போக வந்தவள், யாரோ என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள். திட்டுவாள், காறித் துப்புவாள் என்றுதான் நினைத்தேன். அவள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வியர்வையும் கண்ணீருமாக நசநசவென்று இருந்தது.

"வேணும்னு யாராவது செய்வாங்களா? தெரியாம நடந்துடுச்சு. மனசுல வெச்சுக்காதீங்கண்ணா. அப்பா இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாரு."

இழுத்துக்கொள்ளாமல், அவளாக விடும்வரை பொறுத்திருந்தேன். அவள் போனபின் தோல் எரிகிற அளவுக்குக் கையைக் கழுவினேன். அந்த ஈரம் போய்விட்டது. அந்த வார்த்தை போகவில்லை. டாக்டர் சொன்னார், இன்ஜினியர் சொன்னார், இப்போது அந்தப் பெண்ணும் சொல்லிவிட்டாள். ஒரு கத்துக்குட்டி தடவித் தடவிச் செய்த கோளாறு என்று என் பெயருக்கு நேரே எல்லோருமாகச் சேர்ந்து எழுதிவிட்டார்கள். இரவு முழுக்க எனக்கு உடம்பெல்லாம் ஏதோ ஊர்ந்தது.

அதற்காகத்தான் வந்தேன், சார். குறித்துக்கொள்ளுங்கள். மணி நிற்கும் என்று தெரிந்துதான் டிக் போட்டேன். மாமனார் சாக வேண்டும் என்றுதான் கூட்டினேன். அவர் தப்பிவிட்டார் என்று தெரிந்தபின், மற்றவர்கள் சாகலாம் என்று தெரிந்துதான் சாப்பிடப் போனேன். தண்டனை எதுவானாலும் கொடுங்கள். அந்த அறிக்கையில் 'தெரியாமல்' என்று இருக்கிற இடத்தை மட்டும் அடித்துவிடுங்கள். என் வேலையில் எனக்குத் தெரியாமல் இதுவரை எதுவும் நடந்ததில்லை.