தொட்டியில் மிச்சம் எவ்வளவு?

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, துறைத் தலைவர்களே, முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும், மறைந்த நம் மேடத்தின் கணவரே, அவர் மகளே, மாட்டுக் கொட்டகையிலிருந்து வேலை உடுப்போடு அப்படியே வந்து சுவரோரம் நிற்கும் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நினைத்ததைப் பேச ஆரம்பித்தால் பாதியில் உடைந்துவிடுவேன் என்று எழுதி எடுத்து வந்திருக்கிறேன். குழந்தை தூங்கிய பிறகு எழுதியது. கோர்வை தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கால்நடைத் தீவன ஆராய்ச்சியின் முதன்மை விஞ்ஞானி, முனைவர் என்றெல்லாம் என் பின்னால் இருக்கும் பதாகையில் அச்சிட்டிருக்கிறோம். யாராவது அவரை அப்படிக் கூப்பிட்டதுண்டா? கொட்டகையில், ஆய்வுக்கூடத்தில், கேன்டீனில், எங்கும் அவர் 'மிச்சம் மேடம்'. அவருக்குத் தெரியாமல் வைத்த பெயர் என்றுதான் நினைத்திருந்தோம். ஒருநாள் தொலைபேசியில், "ஆமாங்க, மிச்சம் மேடம்தான் பேசறேன்" என்று அவரே சொன்னார். பக்கத்தில் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்த நாங்கள் யாரும் அன்று முழுக்கத் தலையைத் தூக்கவில்லை.

உறவினர்களுக்காகச் சொல்கிறேன். மாட்டுக்கு என்ன போட்டோம் என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். மாடு என்ன தின்றது? அதுதான் கேள்வி. வைக்கோலையும் மரத்தழையையும் கலந்து போட்டால், மாடு மூக்கால் துழாவி இலையைத் தின்றுவிட்டுக் காம்பையும் குச்சியையும் ஒதுக்கிவிடும். காகிதத்தில் நாம் எழுதிய கலவை ஒன்று, வயிற்றுக்குள் போனது வேறு. அதனால் மறுநாள் புதுத் தீவனம் போடுமுன் தொட்டியைச் சுத்தமாக வழித்தெடுத்து, மிஞ்சியதை நிறுக்க வேண்டும், பிரித்துப் பார்க்க வேண்டும். எச்சில் ஊறிப் புளித்து நாறும் வேலை. எத்தனை பட்டம் வாங்கியும், எத்தனை பதவி வந்தும், அந்த வேலையை அவர் விட்டாரா? காலையில் கொட்டகைக்குள் ஆளுக்கு முன்னால் குரல் வரும். "மிச்சம் எவ்வளவு?"

திருடியை நம்மில் யாரால் மறக்க முடியும்? ஒரு பருவத்தில் அந்தச் செவலைப் பசுவின் பால்தான் எங்கள் புதுக் கலவைக்குக் கிடைத்த மிக நல்ல முடிவு. அதை வைத்தே கட்டுரை எழுதலாம் என்று துள்ளிக்கொண்டிருந்தோம். மேடம் ஒரு காலையில் இரண்டு தொட்டிகளுக்கு நடுவே இருந்த தடுப்புக் கம்பியைத் தடவிப் பார்த்தார். விரலில் செம்முடி ஒட்டியிருந்தது. கழுத்தை நீட்டிப் பக்கத்துத் தொட்டியிலும் மேய்ந்திருக்கிறாள். அன்று வைத்த பெயர்தான் திருடி. இரண்டு பசுக்களின் கணக்கையும் தூக்கிப் போட்டுவிட்டார்.

"மேடம், கொஞ்சமாத்தான் தின்னிருக்கும்" என்று கெஞ்சினேன்.

"கொஞ்சம்னா எவ்வளவு? சொல்லு, சேர்த்துக்கறேன்."

கையிலிருந்த கணக்கு நோட்டை மூடினேன்.

"திருடினது அவ. நாம ஏம்மா உடந்தையா போகணும்?" என்றார்.

என் மகள் திட உணவு சாப்பிடத் தொடங்கிய காலம் அது. தாய்மார்களுக்குத் தெரியும், அந்தக் காலத்தில் ஒவ்வொரு வேளையும் ஒரு பரீட்சை. காப்பகத்திலிருந்து கிண்ணம் காலியாகாமல் திரும்பி வந்தால் எனக்குக் கை ஓடாது. பிள்ளை மெலிகிறாளோ, என் வளர்ப்பில்தான் கோளாறோ என்று மனம் எங்கெங்கோ போகும். மேடம் என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, முகம் ஏன் இப்படி இருக்கு?"

"பாப்பா சாப்பிடவே மாட்டேங்கறா மேடம்."

"எவ்வளவு வச்சே?"

"ஒரு கிண்ணம்."

"மிச்சம்?"

"பாதி இருக்கு."

"அப்ப பாதி தின்னிருக்கா. அரைக் கிண்ணம் தின்ன பிள்ளையைப் போய் சாப்பிடவே மாட்டேங்கறான்னு சொல்றியே, அவ காதுல விழுந்தா கோவிச்சுக்க மாட்டாளா?"

கிண்ணத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "கேரட்டை மட்டும் ஒதுக்கியிருக்கா பாரு. திருடிக்கு இருக்கிற புத்தி இவளுக்கும் இருக்கு. பிழைச்சுக்குவா."

பிள்ளை பிறந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். இனி யார் என் மேசைக்கு வந்து நிற்பார்கள்?

அடுத்ததைச் சொல்ல அவருடைய கணவரிடம் அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறேன். மேடம் மருத்துவமனையில் இருந்தபோது, வெளியூரிலிருந்த மகள் தினமும் கூப்பிடுவாள். "அம்மா சாப்பிட்டாங்களாப்பா?" அவர், "சாப்பிட்டாம்மா, நல்லா சாப்பிட்டா" என்பார். எந்தத் தகப்பன் வேறு மாதிரி சொல்வான்? ஒருநாள் மேடம் கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினார். பேசக் குரல் எழவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு மூச்சு வாங்கிச் சொன்னார்.

"பொய் சொல்லாதீங்க. தட்டுல என்ன மிச்சமோ அதைச் சொல்லுங்க. அவ டிக்கெட் போட வேண்டாமா?"

கணவர் தட்டைப் பார்த்தார். வைத்தது வைத்தபடியே இருந்தது. அதைச் சொன்னார். மகள் அன்றே கிளம்பினாள். அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே வந்து சேர்ந்தாள். அம்மாவும் மகளும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. பேச முடிந்தது என்பது போதும்.

இயக்குநர் அவர்களே, இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மேடம் தொடங்கிய கடைசி ஆய்வு மூன்று பருவங்களுக்கானது. மழைக்காலம் முடிந்தது. பனிக்காலம் முடிந்தது. கோடை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. புல்லெல்லாம் கருகிப்போகும் கோடையில், தழையும் வைக்கோலும் ஒரு கறவை மாட்டைத் தாங்குமா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆய்வே. ஆனால் இருக்கிற இரண்டு பருவத்தோடு அறிக்கையை முடித்து அவர் பெயரில் வெளியிட்டுவிடலாம், மாடுகளை விற்றுவிடலாம் என்று அலுவலகத்தில் பேச்சு அடிபடுகிறது. நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். கோடையைப் பார்க்காத அறிக்கையில் அவர் பெயரைப் போடலாமா? ஒற்றைப் பசுவை நம்பியிருக்கும் ஒரு குடும்பம் நம் பேச்சைக் கேட்டு இந்தத் தீவனத்தைப் போட்டு, கோடையில் அந்தப் பசு படுத்துவிட்டால், அவர்கள் யாரிடம் போய் நிற்பார்கள்?

அவர் இடத்துக்கு ஆள் வரும்வரை கொட்டகையை நான் பார்த்துக்கொள்கிறேன். கைக்குழந்தைக்காரி, முடியுமா என்று நீங்கள் யோசிப்பது புரிகிறது. எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது, பயத்தோடுதான் கேட்கிறேன். காலை நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாக என் கணவர் சொல்லியிருக்கிறார். கோடை முடியும்வரை மாடுகளை விற்காதீர்கள். வேறொன்றும் வேண்டாம்.

அவர் போன மறுநாள் காலை தொட்டிகளை வழித்தேன். எல்லாத் தொட்டியிலும் மிச்சம் கூடியிருந்தது. திருடிகூடப் பாதியை விட்டிருந்தாள். கூட நின்ற கொட்டகை அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "மேடத்தைத் தேடுதுங்க, பாரு" என்றார். எனக்கும் பதிவேட்டில் அப்படியே எழுத வேண்டும் போலிருந்தது. ஆனால், "அழுகையை எந்தத் தராசுல நிறுத்தே?" என்று மேடம் கேட்டிருப்பாரே. முதல்நாள் தீவனம் போட்டது புது ஆள். தழையை நீளமாக நறுக்கியிருந்தார். அதனாலும் இருக்கலாம். 'ஆள் மாற்றம்' என்று எழுதினேன். எழுதிவிட்டு, திருடியின் கழுத்தில் முகத்தை வைத்து அழுதேன். அதை எங்கும் எழுதவில்லை.

மேடம், நாளைக் காலையும் தொட்டியை வழிப்பேன். நிறுப்பேன். காம்பைத் தனியே, குச்சியைத் தனியே பிரிப்பேன். வாசலில் நின்று கேட்க நீங்கள் இருக்க மாட்டீர்கள். இருந்தாலும் அந்த வாசலைப் பார்த்து, மிச்சம் எவ்வளவு என்று உரக்கச் சொல்வேன். ஒரு பிடி கூட்டாமல், ஒரு பிடி குறைக்காமல் சொல்வேன்.