கதவு வைத்த குடை

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் மூன்றையும் இந்தத் தாளின் மேலே எழுதியிருக்கிறார்கள். படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கின்றன. வயது நாற்பத்து மூன்று. பார்சல் அலுவலகத்தில் வருகிற கட்டுகளைப் பிரித்து அடுக்கும் வேலை பார்க்கிறேன். அதனால் என் கைப்பையில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் இருக்கும். யாரையும் மிரட்டுவதற்காக அதை எடுத்துப் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாட்டு மைதானத்துக் காவலாளி என்மேல் கொடுத்திருக்கும் புகாரைப் படித்துக் காட்டினார்கள். அதில் பாதி நடந்தது, மீதி அவர் பயந்தது.

என் கணவர் குடிநீர்த் துறையில் குழாய் பதிக்கிறவர். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு தோல் நோய் வந்தது. வெயில் பட்ட இடமெல்லாம் சிவந்து கொப்புளம் போட்டுவிடும், ஆற வாரக்கணக்கில் ஆகும். அதன் பிறகு அவரை மீட்டர் பழுது பார்க்கும் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். விடிவதற்குள் போய், இருட்டிய பிறகு வருவார். விடுமுறை நாளில் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்வார். நாள் முழுக்கத் தெருவில் நின்று நாலு பேரோடு சத்தம் போட்டு வேலை செய்த மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

அந்தத் துறையில் வருடம் ஒருமுறை விளையாட்டுப் போட்டி வைப்பார்கள். கயிறு இழுக்கும் அணியில் என் கணவர்தான் கடைசி ஆள். கயிற்றின் நுனியை உடம்பில் சுற்றிக்கொண்டு, எப்போது இழுப்பது, எப்போது நிற்பது என்று குரல் கொடுக்கிறவர். போன வருடம் அவர் போகவில்லை, அணி தோற்றது. இந்த வருடம் அணித் தலைவர் வீட்டுக்கே வந்தார். அவரை எல்லோரும் நட்டு என்றுதான் கூப்பிடுவார்கள், ஆள் குள்ளம். "சும்மா வந்து உக்காருங்கண்ணே, எங்களுக்கு அது போதும்" என்றார். கையோடு எடுத்துப் போகும் நிழல் ஒன்று வாங்கிவிடலாம் என்று நான் சொன்னேன். என் கணவர் எழுந்து திரையைச் சரியாக இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதன் பிறகு, "இந்த ஒரு தடவை வர்றேன். அங்க என்னை எல்லாரும் வேடிக்கை பார்த்தாங்கன்னா, அதுக்கப்புறம் பகல்ல வெளிய வான்னு கூப்பிடவே கூடாது" என்றார். நான் சரி என்று வாயை விட்டுவிட்டேன். சொன்னால் சொன்னதுதான் என்று நிற்கும் ஆள் அவர்.

இந்த இடத்தில் நான் எழுந்து ஜன்னல் வரை போய்ப் பார்த்தேன். எங்கள் வண்டி காவல் நிலைய முற்றத்தில் நிற்கிறது, என் கணவர் அதற்குள் இருக்கிறார். முற்றத்தைத் தாண்டி, நாலு பேர் பார்க்க உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். கட்டடத்தின் நிழல் வண்டியை விட்டு நகர்ந்துகொண்டிருக்கிறது. சீக்கிரம் எழுதும்படி கேட்டேன். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன்.

அதன் பிறகு நான் மட்டும் கடைக்குப் போனேன். மூன்று வகை காட்டினார்கள். முதலாவது நான்கு இரும்புக் கால் வைத்தது, அசையாது, ஆனால் தூக்க இரண்டு பேர் வேண்டும். இரண்டாவது பையை விட்டு எடுத்ததும் தானாகவே விரிந்துகொள்வது. விரிந்தது, மடிக்கத்தான் முடியவில்லை. விற்பனையாளர் அதோடு தரையில் உருண்டு மல்லுக்கட்டினார், இன்னொருவர் வந்து அதன்மேல் ஏறி உட்கார்ந்தார், அப்போதும் அது பைக்குள் போவதாக இல்லை. மூன்றாவது குடை மாதிரி கம்பிகளால் விரிவது. நான்கு மெல்லிய கால், ஒவ்வொன்றிலும் இழுத்துக் கட்ட ஒரு கயிறு, மூன்று பக்கமும் துணி, நான்காவது பக்கம் ஜிப் வைத்த கதவு, உள்ளே வெள்ளிப் பூச்சு, தரைத் துணி இல்லை. அதை நான் கடை வாசலுக்கு எடுத்துப் போய் நடு வெயிலில் விரித்து, உள்ளே உட்கார்ந்து கதவை மூடிக்கொண்டேன். தையல் துளை வழியாக வெளிச்சம் வருகிறதா என்று ஒவ்வொரு ஓரமாகப் பார்த்தேன். விற்பனையாளர் வெளியிலிருந்து, "எத்தனை பேர் உக்கார்றதுக்கும்மா?" என்று கேட்டார். ஒருத்தர் என்றேன். "ஒருத்தருக்கா இவ்வளவு பார்க்குறீங்க?" என்றார். அந்த ஒருத்தருக்காகத்தான் என்று சொன்னேன். என் கணவர் தனியாகவே விரித்து மடிக்க முடியும் என்பதற்காக அதை வாங்கினேன். எல்லாவற்றுக்கும் அடுத்தவர் கையை எதிர்பார்த்து அவர் அலுத்துப்போயிருந்தார்.

வீட்டில் கட்டிலுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே அதை விரித்து மடித்துப் பழகினார். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை அதற்குள்ளேயே வாங்கிக்கொண்டார். வாடகை வீட்டுக்குள் சொந்த வீடு கட்டிவிட்டீர்கள் என்று கேலி செய்தேன். சிரித்தார்.

இன்று காலை நான்தான் வண்டி ஓட்டிப் போனேன். அவர் முழுக்கைச் சட்டை, கையுறை, தொப்பி போட்டு முகத்தில் துணி சுற்றியிருந்தார். மைதான வாயிலில், குடை கொண்டுவரலாம், கூடாரம் அடிக்கக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். காவலாளி எங்கள் பையைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இது கூடாரம் என்றார். குடை என்றுதான் விற்றார்கள் என்றேன். "கதவு வச்ச குடையை எந்த ஊர்ல பார்த்தீங்க?" என்று கேட்டார். கணவரின் நோயைச் சொன்னேன். பாவம்தான், ஆனால் நாளைக்கு என்னைத்தான் கேட்பார்கள் என்றார். இந்தப் பேச்சு நடந்த நேரமெல்லாம் என் கணவர் வெயிலில் நின்றார். வண்டிக்குப் போங்கள் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அதன் பிறகு கத்தரிக்கோலை எடுத்து, ஜிப்பை ஒட்டிக் கதவை மேலிருந்து கீழ் வரை வெட்டி எடுத்தேன். இப்போது இதில் கதவு இல்லை, ஆகவே இது குடை என்றேன். காவலாளி வழி விட்டார். அப்போது அவரை நான் மிரட்டவில்லை. அவர் கேட்டதற்கு மேலாகவே ஒத்துப்போனேன்.

உள்ளே கடைசியில், சுவர் ஓரமாக இடம் கொடுத்தார்கள். அங்கிருந்து கயிறு இழுக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும், குரல் எட்டாது. கதவு போன பக்கத்தில் வெயில் என் கணவரின் முழங்கால் வரை வந்துவிட்டது. வெட்டிய துணியை அங்கே கட்டலாம் என்று, அதன் ஓரத்தில் கத்தரிக்கோலால் துளை போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் என் கணவரின் அணி முதல் இழுப்பில் தோற்றது. நட்டுவும் மற்றவர்களும் ஓடி வந்தார்கள். "அண்ணே, இழுக்க வேணாம், குரல் மட்டும் குடுங்க" என்றார் நட்டு. இவ்வளவு தூரத்திலிருந்து எப்படி என்று என் கணவர் கேட்டு முடிப்பதற்குள், நான்கு பேர் நான்கு காலையும் பிடித்துக் குடையைத் தூக்கிவிட்டார்கள். தரைத் துணி இல்லாததால் அவர் உள்ளேயே நடந்தார். வெளியிலிருந்து பார்த்தால் செருப்பு மட்டும் தெரிந்தது. மைதானம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சரி என்று நான் கொடுத்த வாக்குதான் நினைவுக்கு வந்தது.

அப்போது காவலாளி ஓடி வந்தார். குடை என்றால் ஒருவர் ஒரு கையால் பிடிப்பது, நாலு பேர் தூக்கினால் அது கூடாரம்தான் என்று கத்திக்கொண்டே, ஒரு காலில் தொங்கிய கயிற்றைப் பிடித்து இழுத்தார். குடை சாய்ந்தது. என் கணவரின் கழுத்தில் வெயில் விழுந்ததை நான் பார்த்தேன். துளை போட்டுக்கொண்டிருந்த கையோடு ஓடினேன். கத்தரிக்கோல் கையில் இருப்பதே எனக்கு நினைவில்லை. "விடுங்க, இல்லேன்னா வெட்டிடுவேன்" என்று சொன்னேன். சொன்னது உண்மை. எதை என்று சொல்லவில்லை, அதுவும் உண்மை. எதை வெட்டுவதாக எண்ணம் என்று அதிகாரி கேட்கிறார். கயிற்றை. ஆனால் அந்த நேரத்தில் கயிறும் அவர் கையும் ஒரே இடத்தில்தான் இருந்தன, அதனால் அவர் பயந்ததை நான் குறை சொல்லமாட்டேன். அவர் சட்டென்று கையை விட்டார், விட்ட வேகத்தில் பின்பக்கமாக விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். கத்தரிக்கோல் அவர்மேல் படவே இல்லை. அவர் விழுந்ததற்கு வருந்துகிறேன். விடச் சொன்னதற்கு வருந்தவில்லை.

அதன் பிறகு என் கணவர் குடைக்குள் இருந்தபடியே குரல் கொடுத்தார். "நில்லு... நில்லு... இப்ப இழு!" என்பது அந்தத் துணிக்குள்ளிருந்து கேட்டது. இரண்டாவது இழுப்பில் ஜெயித்தார்கள். மூன்றாவதில் கால் வழுக்கித் தோற்றார்கள். அதற்குள் காவல் வண்டி வந்துவிட்டது. கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டது, சிலர் கைபேசியில் படம் எடுத்தார்கள். என் கணவர் யாரிடமும் பேசாமல் போய் வண்டியில் ஏறி, கண்ணாடிக்குத் துண்டை மாட்டிக்கொண்டார். இங்கே வந்து சேரும் வரை என்னிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. புகாரைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. நாளையிலிருந்து அவர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாரோ என்பதுதான் கவலை. இதை எழுத வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

இந்த இடத்தில் மறுபடியும் எழுந்து ஜன்னலுக்குப் போனேன். வண்டியின் கதவு திறந்திருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. என் கணவர் முற்றத்தின் நடுவில் குடையை விரித்து, கதவு போன பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்து, உள்ளே உட்கார்ந்திருக்கிறார். வாசலில் நின்ற இரண்டு காவலர்களும் இன்னும் சிலரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஜன்னலிலிருந்து, ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் என்று குரல் கொடுத்தேன். "ஒண்ணும் அவசரமில்ல, நீ மெதுவா வா" என்றார்.

ஆகவே எழுதுகிறவர் நிதானமாக எழுதலாம். இன்னும் கேட்க வேண்டியது எதுவாக இருந்தாலும் கேட்கலாம், நான் இருக்கிறேன்.

மேலே உள்ளதை வரிவரியாக எனக்குப் படித்துக் காட்டினார்கள். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நானாகச் சொன்னவை, நான் சொன்னபடியே இருக்கின்றன, எல்லாம் உண்மை.

(வாக்குமூலம் கொடுத்தவர் கையொப்பம்)

என் முன்னிலையில் எழுதிக்கொள்ளப்பட்டது.
(நிலைய அதிகாரி கையொப்பம்)