டிக்கிக்குள் நான் ஏறியது என் சொந்த விருப்பத்தின் பேரில்

மேலே எழுதியுள்ள பெயரும் விலாசமும் என்னுடையவை. வயது ஐம்பத்தொன்று. படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே முட்டிபோட்டுக் கழிந்தது. தொழில், பழைய கார்களைப் பழுது பார்ப்பது. எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, நக்கல் மெக்கானிக் என்று கேட்டால் கைகாட்டுவார்கள். ரைட்டர் ஐயா கேட்க நான் சொல்வதாவது:

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இன்று மதியம் காரின் டிக்கியைத் திறந்து ஏட்டையா என்னை வெளியே இழுத்தபோது என் பேண்ட் நனைந்திருந்தது. தண்ணீர் கேன் கவிழ்ந்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன். டிக்கியில் தண்ணீர் கேன் எதுவும் இல்லை. அதே நேரத்தில் இன்னொன்றும் சொன்னேன். எதிரே நின்ற மாப்பிள்ளையைக் காட்டி, "இவன் என்னைக் கொல்லப் பாத்தான் சார்" என்றேன். அந்தச் சொல்லால்தான் மாப்பிள்ளை இப்போது லாக்கப்பில் இருக்கிறார். அவர் என் ஒரே தங்கையின் கணவர். நான் சொன்னது தவறு என்று எழுதி வைக்கவே இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

மாப்பிள்ளை சொந்தமாக ஒரு பழைய கார் வைத்து வாடகைக்கு ஓட்டி வருகிறார். அந்தக் கார் ஓடும்போது உதறுகிறது, அடியில் சத்தம் வருகிறது என்று இன்று காலை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஏற்கெனவே இதே புகாருக்காக நான் டயர்களைச் சரிபார்த்தும் கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ரப்பரை மாற்றியும் உதறல் போகவில்லை. தப்பு என் பக்கம் இருந்ததால் நான் வாயைக் கொடுத்தேன். "என்ன மாப்ள, காரா மிக்ஸியா? மேல மூடிய மட்டும் கெட்டியா புடிச்சுக்கோ" என்றேன். எதிர்க்கடையில் துணி தேய்த்துக்கொண்டிருந்த இஸ்திரிக் கடைக்காரர் சிரித்துவிட்டார். மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒருநாள் இல்ல ஒருநாள் உங்கள டிக்கியில போட்டுப் பூட்டத்தான் போறேன் மச்சான்" என்றார். இஸ்திரிக் கடைக்காரர் இதைக் கேட்டது உண்மை. மாப்பிள்ளை அப்படிச் சொன்னதும் உண்மை.

அதன் பிறகு மாப்பிள்ளை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய்வந்தோம். வண்டி கிளம்பும்போது அடியில் டக் என்றது. வேகம் ஏறியதும் சீட் நடுங்கியது. கியரை நியூட்ரலில் போட்டு உருளவிடச் சொன்னேன், என்ஜின் அடங்கியும் நடுக்கம் அடங்கவில்லை. அதே வேகத்தில் வேறு கியரில் ஓட்டச் சொன்னேன், நடுக்கம் மாறவில்லை. ஆகவே என்ஜின் மேல் குற்றமில்லை, அதற்குப் பின்னால் சுற்றும் ஏதோ ஒன்றுதான் என்று முடிவு செய்தேன். ரைட்டர் ஐயா விளக்கம் கேட்டதால் சொல்கிறேன். என்ஜினின் சுற்றலைப் பின்சக்கரம் வரை கொண்டுபோக வண்டியின் வயிற்றுக்கடியில் நீளமாக ஒரு இரும்புக் குழாய் இருக்கும், அது ஷாஃப்ட். அதன் இரண்டு முனையிலும் கிராஸ் என்று ஒரு மூட்டு. பின்சக்கரங்களுக்கு நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டி கிரவுன். கோளாறு கிராஸிலா கிரவுனிலா என்பதுதான் கேள்வி.

அதன் பிறகு பட்டறைக்குத் திரும்பி வண்டிக்கு அடியில் படுத்துப் பின் கிராஸைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. வண்டி கியரில் நின்றது. கியரில் நிற்கும் வண்டியில் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு நிற்கும், செத்த கிராஸ்கூட உயிரோடு இருப்பதுபோல் இறுக்கமாகத் தெரியும். நியூட்ரலில் போட்டுச் சக்கரத்தைத் தூக்கிவிட்டுத்தான் ஆட்ட வேண்டும். இது எனக்குத் தெரியும். மாப்பிள்ளையைப் பார்த்து அடுத்து என்ன கிண்டல் செய்யலாம் என்று யோசித்ததில் மறந்துவிட்டேன். கிராஸ் நன்றாக இருக்கிறது, கிரவுன்தான் கத்துகிறது என்று சொன்னேன்.

கிரவுன் சத்தத்தை உறுதி செய்ய நான் எப்போதும் டிக்கிக்குள் படுத்துத் தரையில் காதை வைத்துக் கேட்பது வழக்கம். உள்ளிருந்து கத்தினால் ஓட்டுபவருக்குக் கேட்காது என்பதால் தட்டுவதை அடையாளமாக வைத்துக்கொள்வோம். ஒரு தட்டு என்றால் வேகமாகப் போ. இரண்டு தட்டு என்றால் மெதுவாகப் போ. மூன்று தட்டு என்றால் நிறுத்து. என் போன் பட்டறையில் சார்ஜில் கிடந்தது.

நான் என் விருப்பத்தின் பேரில் ஏறிப் படுத்தேன். யாரும் தள்ளவில்லை. என் வயிறு இடித்ததால் மூடி மூடவில்லை. "மூச்ச வெளிய விடுங்க மச்சான்" என்று சொல்லி மாப்பிள்ளை முழங்காலால் மூடியை அழுத்தி மூடினார். இஸ்திரிக் கடைக்காரர் கண்டது இதைத்தான். ஒரு ஆளை டிக்கியில் திணித்துக் கடத்துகிறார்கள் என்று அவர் ஸ்டேஷனுக்குப் போன் செய்ததில் அவர் மேல் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை.

வண்டி பெரிய ரோட்டுக்கு வந்ததும் நான் ஒரு தட்டு தட்டினேன். வேகம் ஏறியது. காதை வைத்துக் கேட்டேன். கிரவுனில் சத்தமே இல்லை, சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு அமைதி. அப்போது என் இடுப்புக்கு முன்னால், தரைக்கு அடியில், டங் என்று ஒன்று விழுந்தது. பின் கிராஸ். உடனே வண்டி இன்னும் வேகம் எடுத்தது. கிராஸ் அடித்த அடியை நான் தட்டியதாக மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார் என்று எனக்குப் புரிந்தது.

இரண்டு தட்டினேன். வேகம் குறைந்தது. குறையும்போது கிராஸ் மறுபடி டங் என்றது. வண்டி மறுபடி பறந்தது. அதன் பிறகு மூன்று தட்டினேன், நடுவில் கிராஸும் ஒன்று போட்டதால் நான்கு ஆகிவிட்டது. நான்கு தட்டுக்கு நாங்கள் எதுவும் பேசி வைக்கவில்லை. அதன் பிறகு கிராஸ் நிற்காமல் அடித்தது, நானும் இரண்டு கையாலும் அடித்தேன். ஆடிப்பாடி விளையாடுகிறேன் என்று நினைத்ததாக மாப்பிள்ளை இங்கே சொல்லியிருக்கிறார். நான் விளையாடாத நாளை அவர் பார்த்ததில்லை.

அந்த மூட்டு ஒடிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஷாஃப்டின் முனை தரையில் விழுந்து சுற்றும், பொறி பறக்கும், எதிர்ப்பட்டதை அடித்துக் கிழிக்கும். பெட்ரோல் டேங்க் எனக்கு நேர் கீழே இருந்தது. இருட்டில் ஸ்டெப்னி டயரின் ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. மூடியை முதுகால் முட்டினேன், அசையவில்லை. காலையில் மாப்பிள்ளை சொன்ன சொல் அப்போது ஞாபகம் வந்தது. முதலில் அதைத் தள்ளினேன். பிறகு வண்டி இன்னும் வேகம் எடுத்ததும் தள்ள முடியவில்லை. இவன் தெரிந்தேதான் செய்கிறான் என்று நினைத்தேன். நான் செத்துப்போனால் என் தங்கை இவனுக்குத்தானே சோறு போட்டுக்கொண்டிருப்பாள், கொன்றது இவன் என்று அவளுக்கு என்றைக்கும் தெரியாதே என்று நினைத்தேன். கத்தினேன். என் குரலே எனக்கு வேறு யாரோ கத்துவதுபோல் கேட்டது.

அதன் பிறகு கிராஸ் ஒடிந்தது. ஷாஃப்ட் அடியிலிருந்து குத்தியதில் தகடு என் இடுப்போரம் மேலே புடைத்துக் கிழிந்தது. கிழிசல் வழியே ரோடு ஓடுவதைப் பார்த்தேன். வண்டி இழுத்துக்கொண்டு போய், உருண்டு நின்றது. சத்தம் அடங்கியதும் கீழே சொட்டுச் சொட்டாக ஏதோ விழுவது கேட்டது. பெட்ரோல் வாடை. மாப்பிள்ளையின் காலடி பின்பக்கம் வந்தது, டிக்கியைத் திறக்காமல் நின்றுவிட்டது. பேண்ட் நனைந்தது அப்போதுதான். அதன் பிறகு ஜீப் சத்தம், "டேய், கைய மேல தூக்குடா" என்ற சத்தம், "சார், உள்ள மச்சான் இருக்காரு, மொதல்ல அவரத் தொறங்க சார்" என்று மாப்பிள்ளை அழும் சத்தம். ஏட்டையா திறந்தார். நான் சொல்லக்கூடாததைச் சொன்னேன். "அடி கிடி பட்டுச்சா மச்சான்?" என்றார் மாப்பிள்ளை. கையில் விலங்கு. உடம்பில் சட்டை இல்லை.

சட்டையைக் கழற்றிவிட்டு என்னை அடிக்க வந்தார் என்று ஏட்டையாவின் குறிப்பில் எழுதியிருக்கிறதாம். காரை இங்கே கட்டி இழுத்து வந்து நிறுத்திய பிறகு நான் குனிந்து அடியில் பார்த்தேன். டேங்கிலிருந்து வரும் குழாய் கிழிந்த இடத்தில் மாப்பிள்ளையின் சட்டை சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. முடிச்சின் மேல் முடிச்சு, மூன்று முடிச்சு. டிக்கியைத் திறக்காமல் அவர் நின்றது இதற்குத்தான். பக்கத்தில் ஷாஃப்ட் இன்னும் கொதித்துக்கொண்டிருந்திருக்கும். அவருடைய வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கும்படி இன்ஸ்பெக்டர் ஐயாவைக் கேட்டுக்கொண்டேன். பார்த்தார். தோல் இல்லை. கொல்ல நினைத்தவர் ஓடியிருப்பார். இவர் அடியில் படுத்திருக்கிறார்.

ஆகவே மாப்பிள்ளை மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. குற்றம் வண்டியைக் கியரில் நிறுத்திக் கிராஸைப் பார்த்த என்னுடையது. அவரை விட்டுவிட வேண்டும், கைக்கு மருந்து போட வேண்டும். இன்ஸ்பெக்டர் ஐயா விலங்கை எடுக்கச் சொல்லிவிட்டார். தங்கை வெளியே பெஞ்சில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

இதுவரை எழுதியதை ரைட்டர் ஐயா எனக்கு வாசித்துக் காட்டினார். கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, ஒரு சொல்லும் கூட்டவில்லை குறைக்கவில்லை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)

பின்குறிப்பு: வளர்ந்த ஆள் ஒருவர் தன் விருப்பத்தின் பேரில் அந்த டிக்கிக்குள் படுக்க முடியுமா என்று இன்ஸ்பெக்டர் ஐயா சந்தேகம் கேட்டதன் பேரில் ஏட்டையா உள்ளே படுத்துக் காட்டினார். முடியும். மூடியும் மூடியது. திறக்கும்போது சாவி பூட்டுக்குள் ஒடிந்துவிட்டது. சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியவர் ஏட்டையாவே என்பதால் அந்த இடம் இப்போதைக்குக் காலியாக விடப்பட்டுள்ளது.