நாந்தான் எண்டா யாரு?

தலைவர் அவர்களே, மறைந்த சஹ்லா அவர்களின் கணவர் நபீஸ் அவர்களே, சிறுநீரக நோயாளர் உதவிச் சங்கத்தின் உறவுகளே, வணக்கம். எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. தடுமாறிவிடுவேன் என்ற பயத்தில் எண் போட்டு எழுதி வந்திருக்கிறேன்.

1. எங்கள் இணையப் பக்கத்தை எழுதிய சஹ்லா அதற்கு வைத்த காவல்.
2. அதனால் வந்த வாக்குவாதம்.
3. அந்தக் காவலில் அவர் விட்ட பிழையும், அதற்கு என் யோசனையும்.

முதலாவது. இரத்தச் சுத்திகரிப்புக்கு நேரம் பார்க்க நீங்கள் திறக்கும் பக்கம் எங்களுடையது. அதன் நடுவே இருக்கும் சட்டகம், அதாவது உள்ளே பதித்த இன்னொரு பக்கம், சிகிச்சை நிலையத்தினுடையது. பார்வைக்கு ஒன்று, உண்மையில் இரண்டு முகவரிகள். ஒன்றுக்குள் மற்றது எட்டிப் பார்க்க முடியாது, செய்தி மட்டும் அனுப்பலாம். உங்கள் நேரமும் அப்படியொரு செய்தியாகவே வருகிறது. அனுப்பியது யார்? போவது யாருக்கு? இவ்விரண்டையும் பார்க்காமல் சஹ்லா அவர்கள் ஒரு செய்தியையாவது விட்டதுண்டா? இல்லை!

வெள்ளவத்தையில் அவருடைய மாடிவீட்டுக்கு முதன்முதல் போனபோது, கீழே மணியை அழுத்தி, எல்லோரையும் போல "நான்தான்" என்றேன்.

"நாந்தான் எண்டா யாரு?"

"றேமண்ட்."

"எந்த றேமண்ட்?"

"கொச்சிக்கடை றேமண்ட், மகள்."

கதவு திறந்தது. "கோவிக்காதீங்க அங்கிள். கள்ளனும் நாந்தான் எண்டுதானே சொல்லுவான்" என்று சிரித்தார். அந்தப் பக்கத்தையும் அப்படித்தான் எழுதினார்.

இரண்டாவது. எங்கள் தொண்டர் நிரோஷன், சஹ்லாவுக்கு "மல்லி", அதாவது தம்பி, ஒருநாள் பெறுநரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறி போட்டார். யாராயிருந்தாலும் வாங்கலாம் என்பது அதன் பொருள்.

"கெதியா, சுருக்கா முடியும் அக்கா. என்ன குறை?"

"நோயாளிட பேரும் நோய் வருத்தமும் போகுது மல்லி. அத கொட்டாஞ்சேனை பஸ்ஸுல நிண்டு கத்துவீங்களா?"

நிரோஷன் குறியை அழித்தார்.

மூன்றாவது. சஹ்லா மறைந்த பின், இந்த வாரம், சட்டகம் தெரிகிறது. நேரங்கள் எங்கள் பக்கத்துக்கு வருவதில்லை. முகத்துவாரம் ஐறீன் அம்மா தம் நேரம் தெரியாமல் வந்து, சிகிச்சை இல்லாமல் திரும்பினார். காவலில் சஹ்லா ஏதோ பிழை விட்டுவிட்டார் என்றே கருதுகிறேன். எவர் அனுப்பினாலும் ஏற்கும்படி அதை இன்றே எடுத்துவிடலாம் என்பது என்... சிகிச்சை நிலையத்து றொஹான் எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் தம்பி.

"அங்கிள், அது அவ விட்ட பிழை இல்ல. போன ஞாயித்துக்கிழமை நாங்க சைட் அட்ரஸ மாத்தினனாங்கள். உங்களுக்குச் சொல்ல மறந்திட்டம்."

மாற்றினீர்களா?

அப்படியென்றால், அறிமுகமில்லாத முகவரியிலிருந்து வந்த செய்தியை அந்தப் பக்கம் ஏற்கவில்லை. எழுதியவர் இல்லாதபோதும் "யாரு?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது!

சபையோரே, யோசனையை மீளப் பெறுகிறேன். றொஹான் தரும் புதிய முகவரியை நிரோஷனும் நானும் இன்றே எழுதிச் சேர்ப்போம். ஐறீன் அம்மாவுக்கு நேரம் கிடைக்கும். காவலை எடுக்க மாட்டோம். இனி அதைப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

நபீஸ், மன்னியுங்கள். என் மூன்றாவது விடயம் பிழை.